மின்சார வண்டியின் பேட்டரி எவ்வளவு நாள் வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் எடுக்கிறேன். வீடு காட்பாடியில். 2021 கடைசியில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன், இதுவரை 34,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து டீக்கடையிலும் ஸ்டாஃப் ரூமிலும் கல்யாண வீட்டிலும் ஒரே மாதிரி கேள்விகள். பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

1. மூணு வருஷத்துல பேட்டரி செத்துடுமாமே சார், உண்மையா?

இல்லை. ஆனால் இந்தப் பயம் சும்மா வரவில்லை. 2008-ஐ ஒட்டி ஒரு வகை ஸ்கூட்டர் நிறைய விற்றது: 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம், லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். அதில் இருந்தது லெட் ஆசிட் பேட்டரி, அதாவது வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் அதே ஈய பேட்டரியின் தம்பி. ஒன்றரை, இரண்டு வருடத்தில் படுத்துவிடும். வாங்கியவர்கள் பட்ட பாடு இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வண்டி மாட்டுக்கொட்டகையில் பல வருடம் கிடந்தது.

இப்போது வருவது லித்தியம் அயன். இது திடீரென்று சாவதில்லை, மெல்லச் சுருங்குகிறது. புதிதில் 100 கிலோமீட்டர் ஓடியது சில வருடம் கழித்து 90 ஓடும், அப்புறம் 85. புதிதில் பிடித்த மின்சாரத்தில் 70 அல்லது 80 சதவீதம்தான் பிடிக்கிறது என்ற நிலை வந்தால் 'ஆயுள் முடிந்தது' என்று தொழிலில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் வண்டி ஓடும். ஒரே சார்ஜில் போகும் தூரம்தான் குறைந்திருக்கும்.

2. ஆயிரம் தடவை சார்ஜ் போட்டா முடிஞ்சதுன்னு சொல்றாங்க. தினமும் போட்டா மூணு வருஷம்தானே கணக்கு?

'ஆயிரம் சைக்கிள்' என்பது ஆயிரம் முறை பிளக் குத்துவது அல்ல. பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஏற்றும் அளவு மின்சாரம் உள்ளே போனால் அதுதான் ஒரு சைக்கிள். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் ஏற்றினால் இரண்டு நாளும் சேர்ந்து ஒன்று.

என் வண்டி சாலையில் உண்மையாக 80 கிலோமீட்டர் தருகிறது என்று வையுங்கள். ஆயிரம் சைக்கிள் என்றால் 80,000 கிலோமீட்டர். நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது ஏழு வருடத்துக்கு மேல் வரும். நான் ஓட்டிய 34,000 கிலோமீட்டர் இந்தக் கணக்கில் சுமார் 425 சைக்கிள்தான், தினமும் பிளக் குத்தியும்கூட.

3. பேட்டரி எதுக்காகத் தேயுது? உள்ளே சுத்துற பொருள் எதுவும் இல்லையே?

சுற்றும் பொருள் இல்லை, நகரும் பொருள் இருக்கிறது. பேட்டரி என்பது செல் என்ற சிறு துண்டுகள் பல சேர்ந்தது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் ஓர் உலோக ஆக்சைடு அல்லது பாஸ்பேட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போய் உட்காருகின்றன, வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது வேண்டியதுதான், அதுதான் உள்ளே இருக்கும் திரவத்தையும் கிராஃபைட்டையும் பிரித்துக் காக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் படலம் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கத் தடிக்க லித்தியம் அதிலேயே சிக்கிக்கொள்கிறது. சிக்கியது திரும்பி வராது. எங்கள் ஊர் போர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: அடியில் வெள்ளையாக உப்பு படிந்துகொண்டே போகுமே, அந்த மாதிரி.

முதுமை இரண்டு வழியில் வருகிறது. ஓட்டுவதால் வருவது ஒன்று, சும்மா நின்றாலும் காலத்தால் வருவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் யாரும் நினைப்பதில்லை. அதை வேகப்படுத்துபவை சூடும் முழு சார்ஜும். இரண்டும் சேர்ந்தால் மோசம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள நேரமிருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பேட்டரிக்கு வரும் கேடு பெரும்பாலும் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்துவதிலிருந்துதான் வருகிறது. அதிகம் ஓட்டுவதைக் குறை சொல்வது சரியில்லை.

4. நம்ம வேலூர் வெயிலுக்கு இதெல்லாம் தாங்குமா?

இந்தக் கேள்வி நியாயமானது. மே மாதம் இங்கே 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது செய்தியே இல்லை. வெயில் பேட்டரியை என்ன செய்யும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் நிசான் லீஃப் கார். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. பேட்டரியைக் குளிர்விக்க அதில் தனி ஏற்பாடு கிடையாது. 2012-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவன நகரமான ஃபீனிக்ஸ் பக்கம், வாங்கி ஓரிரு வருடம்கூட ஆகாத கார்களில் பேட்டரி அளவு குறைந்துவிட்டது என்று உரிமையாளர்கள் புகார் கொடுத்தார்கள். குளிர்ப் பிரதேசத்தில் ஓடிய அதே கார் நன்றாகவே இருந்தது. அப்புறம் வந்த பெரும்பாலான கார்கள் பேட்டரியைச் சுற்றிக் குளிரூட்டும் திரவத்தை ஓடவிடுகின்றன. நம் ஊரில் டாடா நெக்ஸான் மின்சாரக் காரும் அப்படித்தான்.

ஸ்கூட்டரில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை, உலோகக் கூடு வழியாகக் காற்றில் ஆறுவதோடு சரி. அதனால் பாதுகாப்பு நம் கையில். ஒரு மே மாதப் பிற்பகல், கல்லூரி வாசலில் வெட்டவெளியில் வண்டி நின்றது. இரண்டரை மணிக்கு வந்து சீட்டில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். செயலியில் பேட்டரி சூடு 46 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. மறுநாள் அதே நேரம், பின்பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது 38. எட்டு டிகிரி வித்தியாசம், செலவு ஒன்றுமில்லை.

வண்டி ஓட்டி வந்தவுடன் பிளக்கைக் குத்தாதீர்கள். ஓட்டிய சூட்டோடு சார்ஜ் சூடும் சேரும். கை கால் கழுவி, காபி குடித்து, அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

5. தினமும் நூறு போடலாமா, எண்பதோட நிறுத்தணுமா?

வண்டியில் எந்த வகை செல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் சந்தையில் பிரதானமாக இரண்டு வகை. ஒன்று நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த என்எம்சி. எடை குறைவு, சிறிய இடத்தில் நிறைய மின்சாரம் பிடிக்கும், ஆனால் முழு சார்ஜில் நிற்பதை விரும்பாது. இன்னொன்று இரும்பு பாஸ்பேட் வகை, எல்எஃப்பி. எடை கூடுதல், ஆனால் சைக்கிள் எண்ணிக்கை அதிகம், சூட்டையும் கொஞ்சம் பொறுக்கும்.

என்எம்சி என்றால் அன்றாடம் 80 அல்லது 85-ல் நிறுத்துங்கள். நெடுந்தூரம் போகும் நாளில் நூறு போடலாம், தப்பே இல்லை. கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் நூறைத் தொடும்படி வைத்துக்கொண்டால் போதும். எல்எஃப்பி என்றால் வாரம் ஒருமுறையாவது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள். காரணம் ஆயுள் அல்ல, கணக்கு. அந்த வகை செல்லில் 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற கட்டுப்பாட்டுப் பலகை, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை நூறைத் தொடும்போதுதான் சரிபார்த்துக்கொள்கிறது. அது நடக்காவிட்டால் மீட்டர் 20 சதவீதம் காட்டும்போதே வண்டி நின்றுபோகலாம்.

6. என் வண்டியில எது இருக்குன்னு எப்படிண்ணா தெரியும்?

வண்டியோடு வந்த கையேட்டிலோ பேட்டரி மேல் ஒட்டிய லேபிளிலோ இருக்கும். இல்லாவிட்டால் ஷோரூமில் எழுத்து மூலம் கேளுங்கள். "லித்தியம்தான் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள், இரண்டுமே லித்தியம்தான்.

7. முழுசா தீர்ந்த பிறகு போட்டாதான் பேட்டரி நல்லா இருக்குமாமே?

அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன விதி. பழைய கார்ட்லெஸ் போன், ஷேவர் காலத்தது. லித்தியத்துக்கு நேர் எதிர். அடிமட்டம் வரை இறக்குவது அதற்குக் கஷ்டம். 20-க்குக் கீழே அடிக்கடி போகவிடாதீர்கள்.

8. ராத்திரி பூரா சார்ஜ்ல விடலாமா?

நிரம்பியதும் பிஎம்எஸ் மின்சாரத்தைத் துண்டித்துவிடும், அளவுக்கு மேல் ஏறாது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கே நூறைத் தொட்டுவிட்டுக் காலை எட்டு வரை நிரம்பியபடி நிற்பது 3-ஆம் கேள்வியில் சொன்ன பாதிப்புதான். வண்டியிலோ செயலியிலோ நேரம் வைக்கும் வசதி இருந்தால் விடியற்காலையில் முடியும்படி வையுங்கள். அந்த நேரத்தில் சூடும் குறைவு. தீ பற்றிய பயம் தனி, அதற்கு அடுத்த பதில்.

9. வெடிச்சிடாதா? நம்ம ஊர்லயே நடந்துச்சே சார்.

நடந்தது. 2022 மார்ச் மாதம், வேலூரில் ஒரு வீட்டில், இரவு சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தத் தெரு தெரியும். இதைச் சொல்லாமல் பேட்டரியைப் புகழ்வது நேர்மையாகாது.

லித்தியம் செல்லுக்குள் இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் மெல்லிய தாள் கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே ஷார்ட் ஆகும். சூடு கூடும், சூடு இன்னும் வேதிவினையைத் தூண்டும், அது இன்னும் சூட்டைக் கூட்டும். ஒரு செல் பற்றினால் பக்கத்துச் செல்லுக்குத் தாவும். அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்தபின் மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்புத் தரத்தைத் திருத்தியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் கெட்டாலும் தீ மற்றவற்றுக்குப் பரவாமல் இருக்கிறதா என்ற சோதனை அதில் முக்கியம். அதனால் பழைய வண்டி வாங்குவோர் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிந்தையது என்றால் ஒரு படி நிம்மதி.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது: வாசலையோ மாடிப்படியையோ அடைத்துக்கொண்டு சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் தப்பும் வழியே அதுதான். படுக்கையறை, ஹால் வேண்டவே வேண்டாம். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும், எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில், எக்ஸ்டென்ஷன் பெட்டி இல்லாமல். பேட்டரி உப்பியிருந்தாலோ, தினுசான இனிப்பு வாடை வந்தாலோ, கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ சார்ஜ் போடாமல் வெளியே தனியாக வைத்துவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். புகை வந்துவிட்டால் வண்டியைக் காப்பாற்றப் போகாதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 101-க்கு அழையுங்கள். அந்தப் புகை நச்சு.

10. மழைத் தண்ணியில ஓட்டலாமா? வெள்ளத்துல நின்னா?

மழையில் ஓட்டலாம். பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆனால் அது சுத்தமான தண்ணீரில், புதுப் பேட்டரியில் செய்த சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வண்டிகள் நாள் கணக்கில் சாக்கடை கலந்த தண்ணீரில் நின்றன. அப்படி மூழ்கிய வண்டியை எடுத்தவுடன் துடைத்துச் சார்ஜ் போடக்கூடாது. தள்ளிக்கொண்டுபோய் திறந்தவெளியில் வைத்து, ஆள் வந்து பார்த்தபிறகுதான். கடல் நீர் என்றால் இன்னும் கவனம். 2022-ல் இயான் புயலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உப்புநீர் புகுந்த மின்சாரக் கார்கள் சில, பல நாள் கழித்துத் தீப்பிடித்தன.

11. வேகமா சார்ஜ் போட்டா ஆயுள் குறையுமா?

குறையும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. அவசரத்துக்குப் போடலாம், அன்றாடம் வேண்டாம். வேகமாக ஏற்றும்போது லித்தியம் கிராஃபைட்டுக்குள் போக இடம் கிடைக்காமல் மேலேயே உலோகமாகப் படியலாம். செல் நிரம்ப நிரம்ப அந்த ஆபத்து கூடும் என்பதால்தான் 80-க்கு மேல் சார்ஜரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சென்னை-பெங்களூரு சாலையில் போகும் கார்க்காரர்களுக்கு நான் சொல்வது: ஆம்பூரில் பிரியாணி சாப்பிடும் நேரத்தில் 80 ஏறியிருக்கும், எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மிச்ச 20-க்குக் காத்திருப்பது நேரத்துக்கும் நஷ்டம், பேட்டரிக்கும் நஷ்டம்.

12. ஒரு மாசம் வெளியூர் போறேன், சார்ஜ்லயே விட்டுட்டுப் போகட்டுமா?

வேண்டாம். பாதி அளவில், 50 சதவீதம் சுற்றி வைத்து, நிழலில் நிறுத்திவிட்டுப் போங்கள். பூஜ்யத்திலும் விடாதீர்கள். பிஎம்எஸ் தானே கொஞ்சம் மின்சாரம் குடிக்கும், அடியோடு இறங்கிவிட்டால் எழுப்புவது கஷ்டம்.

13. எட்டு வருஷ வாரண்டின்னா எட்டு வருஷமும் புதுசு மாதிரி இருக்குமா?

இருக்காது. வாரண்டி தாளில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். எத்தனை வருடம் அல்லது எத்தனை கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. அடுத்தது, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது. பல இடங்களில் 70. மூன்றாவது, எதைச் செய்தால் வாரண்டி போய்விடும் என்பது: சர்வீஸ் தவறவிடுதல், வேறு சார்ஜர், நீண்ட நாள் பூஜ்யத்தில் விடுதல். இரண்டாவது விஷயம் எழுதியே இல்லை என்றால், பேட்டரி 'பழுதானால்' மட்டும்தான் வாரண்டி, சுருங்கினால் கிடையாது என்று பொருள். வாங்கும் முன் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

இந்தச் சதவீத வாரண்டிக்கும் ஃபீனிக்ஸ் வெயிலுக்கும் தொடர்பு உண்டு. 4-ஆம் பதிலில் சொன்ன புகார்களுக்குப் பிறகுதான் நிசான், மீட்டரில் உள்ள 12 கோடுகளில் 9-க்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக ஐந்து வருட உறுதி கொடுத்தது. உரிமையாளர்கள் கேட்டதால் வந்தது.

14. பேட்டரி போனா வண்டி விலையில பாதி ஆகுமே, அப்ப என்ன பண்றது?

விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. 2010-ல் ஒரு கிலோவாட் ஹவர், அதாவது நம் மின்கட்டணக் கணக்கில் ஒரு யூனிட், பிடிக்கும் பேட்டரி 1,000 டாலருக்கு மேல். 2024-ல் உலகச் சராசரி 115 டாலர் என்று புளூம்பெர்க் என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. ஸ்கூட்டருக்கு 3 கிலோவாட் ஹவர் என்றால் ஆலை விலையில் 30 ஆயிரம் ரூபாய் சுற்றி. நம் கைக்கு வரும்போது அதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள், அது வேறு. ஆனாலும் போகப்போகக் குறையும்.

அதோடு, 'போய்விட்டது' என்று சொல்லப்படும் பேட்டரி எல்லாம் போனதல்ல. ஒரு மாணவனுடைய அண்ணன் வண்டி 40 கிலோமீட்டரில் பொட்டென்று நின்றுவிடும். வாரண்டி முடிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் மொத்தப் பேட்டரியும் மாற்ற வேண்டும், 60 ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் ரப்பர் கையுறை போட்டு, பாதுகாப்பு ஏற்பாடுகளோடு திறந்தோம். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் செல்கள், 14 குழுக்களாக, மேலே மெல்லிய நிக்கல் பட்டை. மல்டிமீட்டரை ஒவ்வொரு குழுவிலும் வைத்தோம். 3.6, 3.6, 3.6 என்று வந்தது. ஒன்பதாவது குழுவில் மட்டும் 2.1. குனிந்து பார்த்தால் அந்தக் குழுவில் இரண்டு செல்லின் மேல் பட்டையின் வெல்டு விட்டிருந்தது. மிச்ச செல்கள் அவற்றின் பாரத்தையும் சுமந்து ஓய்ந்துபோயிருந்தன.

ஒரு குழு கீழே இறங்கியதும் பிஎம்எஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும். பந்தியில் ஒருவர் எழுந்ததும் எல்லோர் இலையையும் எடுத்துவிடுவது மாதிரி. பதிமூன்று குழு நன்றாக இருந்தும் பயனில்லை. பேட்டரி தயாரிப்பவர்களிடமே அனுப்பி அந்த ஒரு குழுவை மாற்ற ஆன செலவு, கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் முழுசாக மாற்றச் சொன்னால், "எந்தக் குழுவில் என்ன வோல்டேஜ், ரிப்போர்ட் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டை எடுக்கும் கருவி சர்வீஸ் சென்டரில் இருக்கும்.

15. தெருமுனையில ஒருத்தர் கம்மி விலைக்குச் செல் மாத்தித் தர்றாராமே?

கொடுக்காதீர்கள். திறமை இல்லை என்று சொல்லவில்லை. ஒரே பேட்டரியில் எல்லா செல்லும் ஒரே அளவு, ஒரே முதுமையில் இருக்க வேண்டும். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்லைக் கலந்தால் 9-ஆம் பதிலில் சொன்ன ஆபத்தை நாமே வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். பிஎம்எஸ்ஸை 'பைபாஸ்' செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள்.

16. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கலாமா? எதைப் பார்க்கணும்?

பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டர் பார்ப்போம். இதில் கிலோமீட்டரை விட வயதும் எங்கே நின்றது என்பதும் முக்கியம். 40,000 ஓடி நிழலில் நின்ற வண்டி, 8,000 ஓடி மொட்டை வெயிலில் மூன்று வருடம் நூறு சதவீதத்தில் நின்ற வண்டியை விட நன்றாக இருக்கலாம். சர்வீஸ் சென்டரில் எஸ்ஓஎச், அதாவது பேட்டரி ஆரோக்கியச் சதவீதம், எடுத்துத் தரச் சொல்லுங்கள். கூடவே நீங்களே நூறு ஏற்றி, 20 வரும்வரை வழக்கமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஓடிய தூரத்தை 0.8-ஆல் வகுத்தால் முழுத் தூரம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறவினர் இதே கேள்வியை லீஃப் காருக்குக் கேட்டார். ஜப்பானில் ஓடிய பழைய லீஃப்கள் 2014-ஐ ஒட்டி இலங்கைக்கு நிறைய இறங்கின. அந்த மீட்டரில் வலது ஓரத்துச் சின்னக் கோடுகளை எண்ணுங்கள். மொத்தம் 12. முதல் கோடு மறையும்போதே ஏறத்தாழ 15 சதவீதம் போயிருக்கும், அதற்கப்புறம் ஒவ்வொன்றும் சுமார் 6 சதவீதம். "ஒரு கோடுதான் அண்ணை போயிருக்கு" என்பதைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

17. பெட்ரோலை விட நிஜமாவே லாபமா?

ஓட்டத்தைப் பொறுத்தது. என் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, மூன்றரை யூனிட் எடுக்கிறது. அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் இரண்டு லிட்டருக்கு மேல், 200 ரூபாயைத் தாண்டும். தினம் 30, 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு லாபம் கண்கூடு. ஆனால் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஸ்லாப் கணக்கில் வருகிறது. ஏற்கெனவே நிறைய யூனிட் ஓடும் வீட்டில், வண்டியின் யூனிட் மேல் ஸ்லாப்பில்தான் போய் விழும். அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் நாளுக்கு 5 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டில், வருடப் பெட்ரோல் செலவே 4,000 ரூபாய் சுற்றித்தான். இருக்கும் வண்டி நன்றாக இருந்தால் லாபத்துக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை என்று என் அக்காவுக்கே சொன்னேன். சார்ஜ் போடச் சொந்தமாக ஒரு பிளக் இல்லாத வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இப்போதைக்கு இது சிரமம்.

18. கரண்டே நிலக்கரியில இருந்துதானே வருது, இதுல என்ன சுத்தம்?

நெய்வேலியும் மேட்டூரும் தூத்துக்குடியும் புகைவது உண்மை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். நாட்டின் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் என்றால் இரண்டரை கிலோ, கம்பியில் வீணாவதைச் சேர்த்து மூன்று என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, ஆக 100 கிலோமீட்டருக்கு நாலரை, ஐந்து.

பேட்டரி செய்வதிலும் புகை உண்டு, மறைக்கக்கூடாது. ஸ்வீடனின் ஐவிஎல் நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, ஒரு கிலோவாட் ஹவருக்கு 61 முதல் 106 கிலோ கார்பன் டை ஆக்சைடு. என் 3 கிலோவாட் ஹவர் பேட்டரிக்கு 180 முதல் 320 கிலோ. ஓட்டத்தில் மிச்சமாவதை வைத்துப் பார்த்தால் அதிகபட்சம் 21,000 கிலோமீட்டர் சுற்றி அந்தக் கடன் அடைகிறது. பேட்டரியை நீண்டநாள் காப்பாற்றுவது பணத்துக்கு மட்டுமல்ல என்பதற்குக் காரணம் இதுதான். 10,000 கிலோமீட்டரில் தூக்கிப்போட்டால் கணக்கே நமக்கு எதிராகப் போகலாம். கம்பியில் வரும் மின்சாரமும் மாறுகிறது. ஆரல்வாய்மொழிக் காற்றாலையும் கமுதி சூரிய மின்நிலையமும் அதே கம்பியில்தான் ஊற்றுகின்றன.

19. தேஞ்ச பேட்டரி எல்லாம் குப்பை மலையா ஆகாதா?

குப்பையில் போடுவது சட்டப்படி தப்பு. 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரித்து விற்றவர்கள்தான் திரும்ப எடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். காயலான் கடைக்குப் போடாமல் ஷோரூமில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வண்டிக்கு ஆகாத 70 சதவீதப் பேட்டரி, நின்ற இடத்தில் மின்சாரம் சேமிக்க இன்னும் பல வருடம் பயன்படும். ஆம்ஸ்டர்டாமில் யோகன் கிரைஃப் கால்பந்து அரங்கில் 2018 முதல் லீஃப் கார் பேட்டரிகள், புதியதும் பழையதும் கலந்து, மின்சாரம் சேமித்துத் தருகின்றன.

20. லேப்ல சோதிச்ச ஆயுள் வேற, ரோட்டுல வேறன்னு படிச்சேன். ரோட்டுல இன்னும் கம்மியாத்தானே இருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி சொல்கிறது. 92 செல்களை இரண்டு வருடத்துக்கு மேல் சோதித்தார்கள். வழக்கமான ஆய்வகச் சோதனையில் ஒரே சீராக மின்சாரத்தை உறிஞ்சுவார்கள். சாலையில் அப்படி யாரும் ஓட்டுவதில்லை. சிக்னலில் நிற்போம், முறுக்குவோம், பிரேக் பிடிப்போம். அந்த மாதிரி ஏற்ற இறக்கத்தோடு ஓட்டிய செல்கள் 38 சதவீதம் வரை கூடுதலாக உழைத்தன.

ஆனால் இதைப் படித்துவிட்டு வெயிலை மறந்துவிடாதீர்கள். அந்த ஆய்வு எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பற்றியது. நம் ஊரில் ஸ்கூட்டர் ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஓடுகிறது, 23 மணி நேரம் நிற்கிறது. அந்த 23 மணி நேரத்துக்கு 3-ஆம், 4-ஆம் பதில்கள்தான்.

21. புதுசா சோடியம் பேட்டரி வருதாமே, காத்திருக்கலாமா?

சோடியம் அயன் வருகிறது, விலை குறையும், எடை கூடும். எப்போதும் அடுத்து ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். 17-ஆம் கணக்கு உங்களுக்கு இன்றே லாபம் என்றால் இன்றே வாங்குங்கள், இல்லையென்றால் பொறுங்கள்.

22. அதெல்லாம் சரி சார், உங்க வண்டி இப்ப எவ்வளவு ஓடுது?

வாங்கிய புதிதில் அளந்தபோது 85 கிலோமீட்டர் ஓடியது. போன மாதம் அதே சாலையில், அதே மாதிரி ஓட்டி அளந்தேன், 74. ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு முதல் ஒன்றரை வருடத்தில் போனது. அப்போது எனக்கும் இதெல்லாம் தெரியாது. தினமும் நூறு ஏற்றி, கல்லூரி வாசலில் வெயிலில் நிறுத்தினேன். வேப்பமரத்தடிக்கு மாறியபிறகு குறைவது மெதுவாகிவிட்டது. கல்லூரிக்குப் போய்வர 30 கிலோமீட்டர். 74-ல் அது பாதிகூட இல்லை.

மரத்தடியில் இப்போது நான்கு மின்சார வண்டிகள் நிற்கின்றன. இடம் போதவில்லை என்று, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுத்தரச் சொல்லி கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தகரத்துக்கு அடியில் தென்னங்கீற்றும் வேய வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறேன், வெறும் தகரம் சூட்டைக் கீழே இறக்கும்.